பொருத்தியவர் பூட்டிவைத்த வீட்டு அலாரத்தை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாரம் வீட்டுக்காரருடையது, ஆனால் அதன் அமைப்புகளுக்குள் நுழையும் எண் பொருத்திய நிறுவனத்திடம் மட்டும். இந்த நிலையில் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. மாதக் கட்டணத்தை நிறுத்தும்போதோ வீடு கைமாறும்போதோதான் பலருக்கு இது தெரியவருகிறது. அலாரத்தை இயக்கும் மையப் பெட்டியான பேனலின் வேலை ஓரளவு தெரிந்தவன் என்பதால் என்னிடம் வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தன் வீட்டில், தனக்கு உரிமையான கருவியை மீட்க விரும்புபவர்களுக்காக எழுதியது இது.

தினமும் நான்தான் எண்ணை அழுத்தி அலாரத்தை இயக்குகிறேன், அணைக்கிறேன். பிறகு எப்படி அது பூட்டப்பட்டிருக்கிறது என்கிறீர்கள்?

அலாரத்தின் ரகசிய எண்கள் எல்லாம் ஒரே தகுதி உடையவை அல்ல. வீட்டில் உள்ளவர்கள் அன்றாடம் அழுத்துவது பயனர் எண். அதற்கு மேலே மாஸ்டர் எண். அதை வைத்துப் புதிய பயனரைச் சேர்க்கலாம், பழையவரை நீக்கலாம். இவை இரண்டும் அலாரத்தைப் பயன்படுத்துவதற்கு மட்டுமே. அலாரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மூன்றாவதான, பொருத்துபவருக்குரிய இன்ஸ்டாலர் எண் தீர்மானிக்கிறது. எந்தக் கம்பி எந்தக் கதவுக்கு உரியது, வாசலைத் திறந்த பின் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும், சைரன் எவ்வளவு நேரம் அலற வேண்டும், செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது.

பெரும்பாலான பேனல்களில் இன்ஸ்டாலர் எண்ணை வைத்திருப்பவர் மாஸ்டர் எண்ணையே மாற்றி எழுதிவிடலாம். மாஸ்டர் எண்ணைக் கொண்டு இன்ஸ்டாலர் எண்ணை மாற்ற முடியாது. உங்கள் வீட்டுப் பாதுகாப்பின் கடைசி அதிகாரம் வேறொருவர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மாஸ்டர் எண் இருந்தால் எனக்குப் போதாதா? நான் என்ன நிரலா எழுதப் போகிறேன்?

எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை போதும். ஒரு ஜன்னல் சென்சார் கெட்டுப்போய் அதை மாற்ற வேண்டும், அலாரம் அனுப்பும் செய்தியை வாங்கிக் கவனிக்கும் கண்காணிப்பு நிறுவனத்தை மாற்ற வேண்டும், முடிந்துபோன சேவைக்காகக் கீபேட் "தொடர்பு இல்லை" என்று பிப் பிப் என்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்ற நிலை வந்தால் போதாது. அந்தக் கடைசிப் பிரச்சினைதான் மிகப் பலரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. பேனல் இன்னமும் பழைய கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்ப முயல்கிறது, தோற்கிறது, புகார் ஒலி எழுப்புகிறது. அதை நிறுத்த இன்ஸ்டாலர் அமைப்புக்குள்தான் போயாக வேண்டும்.

பூட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே பூட்டுதானா?

இல்லை. எந்தப் பூட்டு என்று தெரியாமல் வேலையில் இறங்குவதுதான் நேரத்தை விழுங்குகிறது. முதல் வகையில் இன்ஸ்டாலர் எண் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேனலுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டை ரீசெட் செய்யும் (தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பும்) வழி திறந்தே இருக்கும். இரண்டாம் வகையில் அந்த ரீசெட் வழியையும் பொருத்தியவர் அடைத்திருப்பார். இதுதான் உண்மையான பூட்டு. மூன்றாம் வகையில் பேனலில் எந்தத் தடையும் இருக்காது. ஆனால் அதன் சிம் அல்லது இணையத் தொடர்புக் கருவி, நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும். நான்காவது பூட்டு தாளில் இருக்கிறது: ஒப்பந்தம். அதையும் ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியாது.

காசு கொடுத்தவன் நான். என் வீட்டு அலாரத்தைப் பூட்டி வைக்க அவர்களுக்கு என்ன உரிமை?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அந்தக் கருவி உண்மையிலேயே உங்களுடையதா? "இலவசமாகப் பொருத்தித் தருகிறோம்" என்று சொல்லி மாதக் கட்டணம் வாங்கும் ஏற்பாடுகளில், பெட்டியும் சென்சார்களும் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்து உங்களுக்கு வாடகைக்கு வந்திருக்கக்கூடும். அப்படியானால் அதில் கை வைப்பது பிறர் பொருளில் கை வைப்பதாகும்.

சேவை நடந்துகொண்டிருக்கும்வரை பூட்டுக்கு ஒரு காரணமும் உண்டு. வீட்டுக்காரர் தெரியாமல் ஒரு ஸோனை (ஒரு கதவோ ஜன்னலோ போலப் பேனல் தனியாகக் கவனிக்கும் ஒரு பகுதியை) மாற்றிவிட்டு, திருட்டு நடந்த அன்று அலாரம் ஒலிக்காவிட்டால் பழி நிறுவனத்தின்மேல் விழும். அதை ஒப்புக்கொள்கிறேன். விலை கொடுத்து வாங்கிய கருவியை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பூட்டியே வைத்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அப்போது அந்தப் பூட்டு வீட்டைக் காப்பதில்லை. வாடிக்கையாளர் வேறிடம் போகாமல் தடுக்க மட்டுமே பயன்படுகிறது.

ஒப்பந்தத் தாளில் எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

கருவியின் உரிமை யாருக்கு என்ற வரி, ஒப்பந்தக் காலம், காலம் முடிந்ததும் தானாகவே நீளும் விதி, எத்தனை நாள் முன்பாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை. இவற்றோடு "நிரல்", "குறியீடு", "தொடர்புக் கருவி" ஆகிய சொற்கள் வரும் இடங்களையும் பார்த்துவிடுங்கள். பேனல் உங்களுடையது, அதற்குள் செருகியிருக்கும் சிம் கருவி மட்டும் அவர்களுடையது என்று பிரித்து எழுதும் ஒப்பந்தங்களும் உண்டு. தானாக நீளும் விதியைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரே கேட்டால் எண்ணைக் கொடுத்துவிடுவார்களா?

கேளுங்கள். வேறு எதையும் முயல்வதற்கு முன்னால் கேளுங்கள். ஆனால் எண்ணைக் கேட்காதீர்கள். பல நிறுவனங்கள் தாங்கள் பொருத்தும் எல்லா வீடுகளுக்கும் ஒரே இன்ஸ்டாலர் எண்ணை வைத்திருக்கின்றன. அதை உங்களிடம் சொன்னால் மற்ற வாடிக்கையாளர் வீடுகளின் எண்ணையும் சொன்னதாகிவிடும். அதனால்தான் மறுக்கிறார்கள். இது நல்ல பழக்கம் அல்ல, ஆனாலும் நடைமுறை இதுதான்.

அதற்குப் பதிலாக எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "எங்கள் சேவை இன்ன தேதியுடன் முடிகிறது. கருவி எங்களுக்கு உரிமையானது. இன்ஸ்டாலர் எண்ணைத் தொழிற்சாலை எண்ணுக்கு மாற்றி, ரீசெட் தடையை நீக்கி, தொலைவிலிருந்து நிரலை மாற்றும் வசதியை அணைத்து, தொடர்புக் கருவியை உங்கள் கணக்கிலிருந்து விடுவித்துத் தரவும். ஸோன் பட்டியலின் பிரதி ஒன்றும் வேண்டும்." இந்தக் கோரிக்கையை மறுப்பதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருக்காது. தொலைவிலிருந்தே இணைந்து சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய வேலையாகவும் பல பேனல்களில் இது இருக்கிறது. ஒரு நபர் வந்து செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு என்றால், தொகை நியாயமாக இருக்கும் பட்சத்தில் கொடுத்துவிடுங்கள். புதிய போர்டு வாங்குவதைவிட அது எளிது.

ஸோன் பட்டியலை மறந்துவிடாதீர்கள். அதன் அருமை ரீசெட் செய்த பிறகுதான் தெரியும்.

பொருத்திய ஆள் தொழிலையே விட்டுவிட்டார். போன் எண்ணும் இல்லை. யாரிடம் போவது?

மாதக் கட்டணச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சிறிய நிறுவனங்கள் கண்காணிப்பைத் தாங்களே செய்வதில்லை. பெரிய மையம் ஒன்றிடம் ஒப்படைத்திருப்பார்கள். அந்த மையத்துக்கு உங்கள் கணக்கு தெரியும். பொருத்தியவரின் வாடிக்கையாளர்களை வேறு எந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது என்பதையும் அவர்கள் சொல்லக்கூடும். அந்தப் புதிய நிறுவனத்திடம் பழைய எண் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பேனலைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் கையேடு கிடைக்கும், எண் கிடைக்காது. பொருத்தியவர் வைத்த எண் அவர்களுக்கே தெரியாது.

பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் வைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நண்பர் சொல்கிறாரே?

அழியாது. இது மிகவும் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை. எண்களும் அமைப்புகளும் மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நினைவை வைத்திருக்கும் சில்லில் பதிந்திருக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, மின்தடையின்போது அலாரம் ஓடுவதற்காக மட்டும்தான். ஒரு நாள் அல்ல, ஒரு வருடம் கழற்றி வைத்தாலும் இன்ஸ்டாலர் எண் அப்படியே இருக்கும். சும்மா இருந்த பேட்டரி பாழாகியிருக்கும்.

நான்கு இலக்கம்தானே? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டால்?

நான்கு இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைகள். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம். பல பேனல்களில் குறிப்பிட்ட முறை தவறான எண் போட்டால் கீபேட் சிறிது நேரம் எதையும் ஏற்காமல் நின்றுவிடும். சேவை நடப்பில் இருந்தால் அந்தச் செய்தி கண்காணிப்பு மையத்துக்கும் போகலாம்.

செய்து பார்க்கத் தகுந்தது ஒன்று உண்டு. உங்கள் பேனலின் கையேட்டில் உள்ள தொழிற்சாலை எண்ணை ஒருமுறை போட்டுப் பாருங்கள். டிஎஸ்சி பவர்சீரிஸ் பேனல்களில் அது 5555, ஹனிவெல் விஸ்டா-20பி பேனலில் 4112. பொருத்தியவர் அதை மாற்றாமலே போயிருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது. அது நல்ல செய்தி மட்டுமல்ல, கவலைக்குரிய செய்தியும்கூட: யாரும் பார்க்கக்கூடிய கையேட்டில் இருக்கும் எண்ணோடு உங்கள் வீடு இத்தனை நாள் இருந்திருக்கிறது. உடனே மாற்றிவிடுங்கள்.

பேனல் பெட்டியைத் திறப்பதற்கு முன் என்னென்ன செய்துகொள்ள வேண்டும்?

சேவை இன்னும் நடப்பில் இருந்தால் கண்காணிப்பு மையத்தை அழைத்து, கணக்கைச் சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாசலில் காவல்துறை வந்து நிற்கும். அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவிடுங்கள். பெட்டியின் மூடிக்குள் டேம்பர் சுவிட்ச் இருந்தால் திறந்ததுமே சைரன் அலறும். வெளிச் சுவரில் இருக்கும் சைரன் சில வீடுகளில் தனக்கென்று ஒரு பேட்டரி வைத்திருக்கும். பேனலின் மின்சாரத்தை எடுத்தால்தான் அது கத்தவே ஆரம்பிக்கும்.

எந்தக் கம்பியையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். முழுப் பெட்டி ஒரு படம், கம்பிகள் மாட்டியிருக்கும் ஒவ்வொரு வரிசை டெர்மினலும் நெருக்கத்தில் ஒரு படம், போர்டில் அச்சிட்ட மாடல் எண் ஒரு படம். பிறகு மின்மாற்றியை எடுத்துவிட்டு, பேட்டரியின் முனைகளைக் கழற்றுங்கள். மின்மாற்றி பிளக்கில் இல்லாமல் நேரே வீட்டு மின் இணைப்பில் சேர்க்கப்பட்டிருந்தால், அந்தப் பகுதியை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். போர்டில் ஓடுவது குறைந்த மின்னழுத்தம். மின்மாற்றியின் மறுபுறம் அப்படியல்ல.

என்னுடையது டிஎஸ்சி பவர்சீரிஸ். ரீசெட் செய்ய முடியுமா?

பூட்டு போடப்படாமல் இருந்தால் முடியும். மின்சாரத்தையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஸோன் 1, பிஜிஎம் 1 (நிரலாக்கக்கூடிய வெளியீடு) ஆகிய இரண்டு டெர்மினல்களிலிருந்தும் கம்பிகளை விடுவித்து, அந்த இரண்டையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணையுங்கள். பிறகு மின்மாற்றியை மட்டும் இணையுங்கள். பேட்டரியைக் கொண்டு இந்த ரீசெட் நடக்காது. கீபேடில் ஸோன் 1 விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. மின்சாரத்தை எடுத்து, கம்பித் துண்டை நீக்கி, பழைய கம்பிகளை அவற்றின் இடத்தில் பொருத்தி மறுபடி இயக்குங்கள். இன்ஸ்டாலர் எண் 5555, மாஸ்டர் எண் 1234 என்று திரும்பியிருக்கும். மற்ற எல்லா அமைப்புகளும் போயிருக்கும்; ஆகவே பின்னால் வரும் "எல்லா ஸோனும் திறந்திருக்கிறது" கேள்வியையும் படித்துவிட்டு இதில் இறங்குங்கள்.

பூட்டு இருக்கிறதா என்பதை இந்த போர்டு தானே சொல்லிவிடும். மின்சாரம் கொடுத்தவுடன் போர்டில் உள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) பத்து முறை டிக் டிக் என்று அடித்தால், பொருத்தியவர் 990 என்ற பிரிவின் வழியாக இன்ஸ்டாலர் பூட்டைப் போட்டிருக்கிறார். 991 அதை நீக்கும், ஆனால் அங்கே போவதற்கே இன்ஸ்டாலர் எண் வேண்டும். டிக் டிக் சத்தம் கேட்டால் டெர்மினலை இணைத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஹனிவெல் விஸ்டாவில் ஏதோ பின்வாசல் இருக்கிறதாமே?

இருக்கிறது, அது தயாரிப்பாளரே கையேட்டில் எழுதிவைத்த வழிதான். விஸ்டா-20பி வரிசையில் பேனலை முழுவதும் அணைத்து, மீண்டும் மின்சாரம் கொடுத்த 50 விநாடிக்குள் கீபேடில் நட்சத்திரப் பொத்தானையும் ஹேஷ் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் இன்ஸ்டாலர் அமைப்புக்குள் போய்விடலாம். நட்சத்திரம் 20 என்ற இடத்தில் புதிய இன்ஸ்டாலர் எண்ணை எழுதலாம். இதன் பெரிய நன்மை, டிஎஸ்சி ரீசெட்டைப் போல மற்ற அமைப்புகள் அழிவதில்லை. எழுத்துகள் தெரியும் திரையுள்ள கீபேட் இருந்தால் நல்லது. வெறும் விளக்குகளும் எண்களும் உள்ளதில் எங்கே இருக்கிறோம் என்பதே குழப்பமாகிவிடும்.

வெளியேறும்போது கவனம். நட்சத்திரம் 99 அழுத்தி வெளியேறினால் இன்ஸ்டாலர் எண், பின்வாசல் ஆகிய இரண்டு வழிகளும் திறந்தே இருக்கும். நட்சத்திரம் 98 அழுத்தினால் இன்ஸ்டாலர் எண்ணின் வழி அடைபடும். அப்புறம் பின்வாசல் வழியாக மட்டுமே நுழையலாம். பொருத்தியவர் 98 போட்டு வெளியேறியிருந்தால் சரியான எண் தெரிந்தாலும் மேலே சொன்ன 50 விநாடி வழியில்தான் போக வேண்டும். நீங்கள் 99 போட்டே வெளியேறுங்கள், புதிய எண்ணையும் எங்கேயாவது எழுதி வையுங்கள்.

இந்த இரண்டும் இல்லை, வேறு மாடல். அப்போது?

போர்டின் மாடல் எண்ணை வைத்து இன்ஸ்டாலர் கையேட்டைத் தேடுங்கள். பயனர் கையேட்டில் இது இருக்காது. சில போர்டுகளில் ரீசெட்டுக்கென்று ஒரு பொத்தான் அல்லது ஜம்பர் இருக்கும், சிலவற்றில் இரண்டு ஊசிகளை இணைத்தபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். மாடலுக்கு மாடல் மாறுவதால், ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றில் முயல்வது போர்டைக் கருக்கிவிடும்.

ரீசெட் ஆகிவிட்டது. இப்போது எல்லா ஸோனும் திறந்திருப்பதாகக் காட்டுகிறது. கெடுத்துவிட்டேனா?

கெடுக்கவில்லை. ஒவ்வொரு சென்சார் கம்பியின் முனையிலும் ஒரு ரெசிஸ்டர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது இருக்கிறதா, எத்தனை ஓம் என்பதை வைத்துத்தான் கம்பி நலமாக இருக்கிறதா, அறுபட்டதா, யாராவது குறுக்கே இணைத்துவிட்டார்களா என்று பேனல் கண்டுபிடிக்கிறது. டிஎஸ்சி எதிர்பார்ப்பது 5,600 ஓம். விஸ்டா 2,000 ஓம். பொருத்தியவர் ரெசிஸ்டரே போடாமல் அதற்கேற்ப அமைப்பை மாற்றியிருந்தால், ரீசெட் ஆனதும் பேனல் இல்லாத ரெசிஸ்டரைத் தேடும், ஸோன் திறந்திருப்பதாக நினைக்கும். அந்த அமைப்பை முன்போல மாற்றினால் சரியாகிவிடும். ரெசிஸ்டரைச் சென்சாரின் முனையில் முறையாகப் போட்டுவிட முடிந்தால் இன்னும் நல்லது. பெட்டிக்குள்ளேயே போட்டு ஒப்பேற்றிய ரெசிஸ்டர், வெளியே கம்பியைக் குறுக்கே இணைப்பவனைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்து ஒவ்வொரு ஸோனுக்கும் வகை சொல்ல வேண்டும். வாசல் கதவுக்குத் தாமதம், ஜன்னலுக்கு உடனடி, கூடத்து அசைவு சென்சாருக்கு வாசல் வழியாக வந்தால் மட்டும் பொறுக்கும் வகை, புகை சென்சாருக்கு எந்நேரமும் விழித்திருக்கும் தீ வகை. ஸோன் பட்டியல் கையில் இல்லையென்றால் ஒருவர் கீபேடைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். முடித்ததும் சைரன் உட்பட எல்லாவற்றையும் ஒருமுறை உண்மையாகவே ஒலிக்கவிட்டுச் சோதியுங்கள். கீபேடில் பச்சை விளக்கு எரிகிறது என்பதை நம்பிப் படுக்கப் போகாதீர்கள்.

டிக் டிக் சத்தம் கேட்டுவிட்டது. பூட்டிய போர்டு. எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பூட்டு போர்டில் இருக்கிறது, சுவருக்குள் ஓடும் கம்பிகளில் இல்லை. கதவுகளில் இருக்கும் காந்த சென்சார்கள், அசைவு சென்சார்கள், சைரன் எல்லாம் எந்த நிறுவனத்தின் பேனலோடும் பெரும்பாலும் பொருந்துபவை. அலாரம் பொருத்துவதில் பெரிய உழைப்பு கம்பி இழுப்பதுதான். அது உங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அதே மாடலில் புதிய போர்டை மட்டும் வாங்கி மாற்றினால் பழைய கீபேடுகளும் வேலை செய்யும். பயன்படுத்திய போர்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதுவும் பூட்டியதாக இருந்துவிட்டால் மறுபடி முதல் படியில் நிற்பீர்கள். விற்பவரிடம் மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கணினியோடு பழகியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கானெக்டட் என்ற பெயரில் வரும் போர்டுகள், பழைய கம்பிச் சென்சார்களை நேரே வீட்டு இணையத்தோடு இணைத்து, ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மென்பொருளில் கொண்டுவந்து சேர்க்கின்றன. பேனலை மீட்டுவிட்டவர்கள் அதை எறியாமல், டிஎஸ்சி, விஸ்டா பேனல்களின் கீபேட் கம்பியில் என்விசாலிங்க் கருவியைச் சேர்த்துக் கைப்பேசியில் பார்க்கலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். இணையம் போனாலும் வீட்டுக் கணினி நின்றாலும் பழைய பேனல் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும்.

என் வீட்டில் எல்லாம் வயர்லெஸ் சென்சார். அவற்றையும் புதிய பேனலில் சேர்த்துவிடலாமா?

இங்கேதான் மேலே சொன்னது பொருந்தாது. வயர்லெஸ் சென்சார்கள் அவற்றைத் தயாரித்தவரின் அலைவரிசையிலும் மொழியிலும் பேசுகின்றன. ஹனிவெல்லின் பழைய 5800 வரிசை 345 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. வேறு தயாரிப்புகள் 433 அல்லது 868 மெகாஹெர்ட்ஸில். ஒரே அலைவரிசையாக இருந்தாலும் சங்கேத முறை மாறினால் பேச்சு புரியாது. அதே தயாரிப்பின் பேனல் அல்லது அதைக் கேட்கத் தெரிந்த ரிசீவர் வேண்டும். அது கிடைத்தால், சென்சாரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைப் பதிந்து மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கீபேடே இல்லை, எல்லாம் கைப்பேசிச் செயலியில்தான். இதற்கு ரீசெட் உண்டா?

பொத்தானை அழுத்திக் கருவியை ரீசெட் செய்துவிடலாம். ஆனால் கருவியின் வரிசை எண் இன்னமும் நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும். புதிய கணக்கில் சேர்க்கப் போனால் "வேறொருவருக்கு உரியது" என்று சர்வர் மறுக்கும். இது முன்பு சொன்ன மூன்றாம் வகைப் பூட்டு. ஸ்க்ரூடிரைவர் இங்கே உதவாது. நிறுவனம் விடுவிக்க வேண்டும், அல்லது வாங்கிய ரசீதைக் காட்டித் தயாரிப்பாளரிடம் விடுவிக்கச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் செயலிக்குள் பயனர் பட்டியலைத் திறந்து பாருங்கள். சில அமைப்புகளில் நிர்வாகி உரிமை உங்களுக்கே இருக்கும், பொருத்தியவரை அங்கிருந்தே நீக்கிவிடலாம். தேடிப் பார்க்காமலே "பூட்டிவிட்டார்கள்" என்று வந்தவர்களும் உண்டு.

பேனலை மீட்டுவிட்டேன். இனி மாதக் கட்டணம் நின்றுவிடும்தானே?

நிற்காது. பேனலும் ஒப்பந்தமும் வேறு வேறு. எழுத்தில் ரத்து செய்து, அவர்களிடமிருந்து உறுதிப்படுத்தும் பதிலை வாங்கும்வரை கட்டணம் ஓடும். மறுபுறம், பேனலில் பழைய கணக்கு எண்ணும் மையத்தின் தொலைபேசி எண்ணும் இருந்தால் அது தொடர்ந்து அவர்களை அழைத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் அழியுங்கள். தொலைவிலிருந்து நிரலை மாற்றும் வசதியையும் அணையுங்கள். இன்ஸ்டாலர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று: பழைய தரைவழித் தொலைபேசி, பேனல் வழியாகப் போய்த்தான் வீட்டுக்குள் வந்திருக்கும். பேனல் பேசும்போது வேறு யாரும் தொடர்பை மறித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தக் கம்பிகளைப் பிடுங்கியதும் வீட்டுத் தொலைபேசி செத்துப்போனால் பயப்பட வேண்டாம். உள்வரும் இணையையும் வெளியேறும் இணையையும் நேரே சேர்த்துவிட்டால் உயிர் வந்துவிடும்.

புகை சென்சார்களும் இதே பேனலில் இருக்கின்றன. ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

மிகவும் வேண்டும். பேனலிலிருந்து மின்சாரம் எடுக்கும் புகை சென்சார்கள், பேனல் அணைந்திருக்கும் நேரம் முழுவதும் செயலற்றுக் கிடக்கும். ரீசெட் செய்தால் அவற்றின் ஸோன் வகையும் அழிந்துவிடும். மறுபடி தீ வகை என்று சொல்லாவிட்டால், அலாரத்தை இயக்காத நேரத்தில் புகை வந்தாலும் பேனல் பேசாமல் இருக்கக்கூடும். வேலை தொடங்கும் முன்னரே பேட்டரியில் ஓடும் தனிப் புகை அலாரங்களை வாங்கி மாட்டிவிடுங்கள். தீ ஸோனை நிரலாக்குவதில் உங்களுக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் தொழில் தெரிந்த ஒருவரை அழையுங்கள். மற்ற ஸோன்களில் தவறினால் பொருள் போகும், இதில் உயிர் போகும்.

வீட்டை அலாரத்தோடு சேர்த்து வாங்கினேன். பழைய வீட்டுக்காரர் மாஸ்டர் எண்ணைக் கொடுத்துவிட்டார். போதும் அல்லவா?

அந்த எண்ணை மாற்றுங்கள், மற்ற எல்லாப் பயனர் எண்களையும் அழியுங்கள், பதிவான ரிமோட்டுகளையும் நீக்குங்கள். வீட்டு வேலைக்கு வந்தவர், உறவினர், பழைய குடித்தனக்காரர் என்று யாருக்கெல்லாம் எண் போயிருக்கிறது என்பது விற்றவருக்கே நினைவிருக்காது. விற்பனை முடியும் முன்பே, கருவி வாடகைப் பொருளா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மேலே உள்ள கடிதத்தை உங்கள் பெயரில் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

குடியிருப்பது வாடகை வீடு என்றால் எதையும் நீங்கள் ரீசெட் செய்ய வேண்டாம். வீட்டு உரிமையாளரிடம் சொல்லி அவர் மூலமாகச் செய்வதுதான் முறை.

எண்ணை மாற்றி எல்லாம் சரியான பிறகு, புதிதாகச் சேர்ந்த கண்காணிப்பு நிறுவனம் இன்ஸ்டாலர் எண்ணைக் கேட்கிறது. மறுபடியும் கொடுப்பதா?

அவர்கள் கணக்கு எண்ணையும் தொடர்பு அமைப்பையும் பேனலில் எழுதுவதற்கு அந்த எண் வேண்டும், ஆகவே கேட்பதில் தவறில்லை. நீங்கள் பயன்படுத்தும் எண்ணைக் கொடுக்காமல் ஒரு தற்காலிக எண்ணுக்கு மாற்றி அதைக் கொடுங்கள். வேலை நடக்கும்போது உடனிருங்கள். முடிந்து அவர்கள் கிளம்பியதும் உங்கள் எண்ணுக்கு மாற்றிவிட்டு, உள்ளே நுழைய முடிகிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். அவர்கள் எண்ணை மாற்றியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பணம் முழுவதும் கைமாறுவதற்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லலாம்.

"எண் எங்களிடம் மட்டுமே இருந்தால்தான் சேவைக்குப் பொறுப்பேற்போம்" என்று சிலர் சொல்வார்கள். சேவைக்காலம் முழுவதும் அப்படி வைத்திருக்க நீங்கள் இசையலாம். ஆனால் சேவை முடிந்த நாளில் தொழிற்சாலை எண்ணுக்கு மாற்றிப் பூட்டில்லாமல் ஒப்படைப்போம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரியை எழுத மறுக்கும் நிறுவனத்தோடு கையெழுத்துப் போடாதீர்கள்.